கட்டைவிரலில் வந்து நிற்கும் கத்தி

அம்மா பலகை வைத்துக் காய் நறுக்கி நான் பார்த்ததில்லை. இடது கையில் ஒரு பிடி பீன்ஸைச் சேர்த்து அடக்கிக்கொள்வாள். வலது கையின் நான்கு விரல்கள் கத்தியைப் பிடித்திருக்கும். கட்டைவிரல் மட்டும் பீன்ஸுக்கு அந்தப் பக்கம் போய்த் தடுப்பாக நிற்கும். கத்தி பீன்ஸை அறுத்துக்கொண்டு வந்து அந்தக் கட்டைவிரலில் முட்டி நிற்கும். துண்டுகள் கீழே குண்டானில் விழும். அம்மாவின் கண் அங்கே இருக்காது. கூட உட்கார்ந்து நறுக்கும் பக்கத்துத் தெரு அக்காவிடம் பேசிக்கொண்டே, வெளியே போகும் வண்டியைப் பார்த்துக்கொண்டே, குண்டான் நிறைந்துவிடும். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் பயம். அந்தக் கட்டைவிரலின் சதை காய்த்துப் போய், கறுப்புக் கோடுகள் ஓடி, வெயிலில் காய்ந்த களிமண் போல இருக்கும்.

திண்டிவனத்தில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் மாஸ்டர் ஒருவரின் குழுவில் அம்மாவுக்கு நறுக்கு வேலை. அதற்கு முன்னால் கிளியனூர்ப் பக்கம் களை எடுக்கவும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கவும் போய்க்கொண்டிருந்தாள். எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். சமையல் குழுவில் சேர்ந்த பிறகுதான் அம்மா நிழலில் உட்கார்ந்து வேலை செய்தாள். அதை அவள் ஒரு பதவி போலத்தான் நினைத்தாள். அந்தப் பதவியில்தான் நான் விழுப்புரத்தில் கல்லூரி படித்தேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இயற்பியல் பட்டம் வாங்கினேன். பிறகு அரசுத் தேர்வுகள் எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன். வந்த முடிவுகள் எதிலும் என் எண் இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்தேன். ஆனால் உலையில் அரிசி விழுந்தது அம்மாவின் கையால்தான்.

அந்தக் கைதான் மரத்துப் போக ஆரம்பித்தது.

முதலில் வேலை முடிந்து வந்ததும் கையை உதறுவாள். எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்பாள். பிறகு வேலைக்கு நடுவிலேயே உதற ஆரம்பித்தாள். நான் பிடிவாதம் பிடித்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்து விடுவித்துவிடலாம், தள்ளிப்போட்டால் உணர்ச்சி திரும்புவது கஷ்டம் என்று சொன்னார்.

"செஞ்ச பிறகு நறுக்கலாங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"கொஞ்ச காலத்துக்கு அந்தக் கையால எதையும் தூக்கக்கூடக் கூடாதும்மா."

திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி தாண்டிய பிறகு சொன்னாள்: "ஆவணி வருது நைனா. முகூர்த்தமா இருக்குது. இப்பப் போயி கையக் கட்டிக்கினு உக்காந்தா எடம் போயிடும்."

இடம் என்று அவள் சொன்னது எங்கள் ஊர்ச் சமையல் குழுக்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. மாஸ்டரின் வேனில் நறுக்குகிற பெண்களுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு. ஒருத்தி ஒரு சீசனுக்கு வராமல் நின்றால், அவளுக்குப் பதிலாக வந்தவள்தான் பிறகு நிரந்தரம். அதில் யாரும் யார்மேலும் கோபப்பட முடியாது. அம்மாவே அப்படி இன்னொருத்தியின் பிரசவத்தில் உள்ளே போனவள்தான்.

ஆபரேஷனுக்கு வரமாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அப்புறம் நான் யோசித்ததெல்லாம் கத்தியைப் பற்றித்தான். கையை நசுக்குவது அழுத்தம். அழுத்த வேண்டியிருப்பது கத்தி மொக்கையாக இருப்பதால். அம்மா துவைக்கிற கல்லின் ஓரத்தில் கத்தியை முன்னும் பின்னும் இழுத்துவிட்டுக் கிளம்புகிறவள். மார்க்கெட்டில் மெஷின் சாணை பிடித்தால் பொறி பறக்கும், கத்தி பாதியாகும், கூர் ரெண்டு கல்யாணத்துக்குத் தாங்காது. கல்லில், கையால், பொறுமையாகத் தீட்டிய கத்தி அழுத்தாமலே இறங்கும் என்று வீடியோக்களில் பார்த்தேன். யாரோ ஒருவர் தக்காளியைத் தொடாமல், கத்தியை அதன்மேல் சும்மா இழுத்தார். தக்காளி இரண்டாகப் பிரிந்தது. அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கத்தி அம்மாவிடம் இருந்தால் ஆவணியைத் தாண்டிவிடலாம், தாண்டிய பிறகு ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

திண்டிவனத்தில் நான் கேட்ட கல் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"இன்னா வேலைக்கு தம்பி? உளிக்கா, இழைப்புளிக்கா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கத்திக்குங்க."

பெயின்ட் வாங்க நின்றிருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாத்து குடுங்க மொதலாளி. நாளைக்கி போலீஸ் வந்து கல்லு எங்க வாங்குனன்னு கேக்கப் போவுது."

"காய் நறுக்குற கத்திங்க. அம்மாவுக்கு."

"அம்மாவுக்கா?" கடைக்காரர் சிரித்தார். "அப்ப பொண்டாட்டி வந்தா இன்னொரு கல்லு வாங்க வருவ. வா வா."

ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று ஒரு கல்லும், தச்சர்கள் இழைப்புளித் தகட்டுக்கு வைத்துக்கொள்ளும் இன்னும் நைஸான ஒரு கல்லும் கொடுத்தார். பையில் அவற்றின் கனம் எனக்கு நம்பிக்கையாக இருந்தது. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

தீட்டுவது எளிது என்று நினைத்திருந்தேன். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணிமேல் நகராமல் வைத்து, கத்தியைச் சற்றுச் சாய்த்துத் தள்ளி இழுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாய்வு மாறக்கூடாது. தள்ளும்போது ஒரு சாய்வு, இழுக்கும்போது ஒரு சாய்வு என்று மாறினால் விளிம்பு கூராகாமல் உருண்டு போகும். கோணம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றித் தேர்வெழுதியிருக்கிறேன். என் மணிக்கட்டுக்கு அது தெரியவில்லை. கத்தி கல்மேல் தள்ளாடியது. கறுப்புத் தண்ணீர் வழிந்தது. அது வழிந்தாலே தீட்டுகிறோம் என்று நம்பினேன்.

அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பார்த்தாள். "காலையிலேருந்து கத்திய குளிப்பாட்டிக்கினே கீறியே, எப்பத்தான்டா அதுக்கு சோறு ஊட்டுவ?"

"இன்னிக்கு வேலைல பாரு மா. சும்மா இறங்கும்."

அன்று ஓமந்தூர்ப் பக்கம் ஒரு நிச்சயதார்த்தம். அம்மா அந்தக் கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனாள். சாயங்காலம் வேன் வந்து நின்றபோது அதிலிருந்து இறங்கியவளின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. அவள் நேராக உள்ளே போனாள். கூட வேலை செய்யும் பக்கத்துத் தெரு அக்கா மட்டும் என்னிடம் வந்து நின்றாள்.

"இன்னாடா பண்ண அந்தக் கத்திய? உங்கம்மா இன்னிக்கு பூசணிக்காகிட்ட தோத்துட்டாங்க. உள்ளயும் போவல, வெளியயும் வரல, கத்தி மாட்டிக்கினு நிக்குது. நாங்கல்லாம் சிரிச்சோம், அவங்களும் சிரிச்சாங்க."

"மாஸ்டர் எதுனா சொன்னாராக்கா?"

"ஒண்ணும் சொல்லல. வந்து நின்னு பாத்துட்டுப் பாத்துட்டுப் போனாரு. திட்டியிருந்தா பரவால்ல." அக்கா குரலைத் தணித்தாள். "அவரு திட்டாம பாக்குறதுதான்டா பேஜாரு."

அந்த வாரம் முழுக்க நான் புத்தகத்தைத் தொடவில்லை. பரணில் கிடந்த ஒரு துருப்பிடித்த கத்தியை எடுத்து அதில் பழகினேன். விளிம்பு முழுவதும் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டுக் கல்லில் இழுத்தால், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் தொடுகிறது. எனக்கு மேல் பக்கம் மை அழிந்தது, விளிம்பில் அப்படியே நின்றது. அதாவது இத்தனை நாள் நான் கத்தியின் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கத்தியின் முதுகைச் சற்றுத் தூக்கினேன். அப்போது விளிம்பு மழுங்கியது. மறுபடி மை, மறுபடி கல். விரல் நுனிகளில் தோல் தேய்ந்து, சோறு பிசைந்தால் எரிந்தது. டியூஷன் பிள்ளைகள் வந்து நின்றால் கணக்கைக் கொடுத்துவிட்டுத் தீட்டினேன். "சார், எங்க வூட்டு அருவாமனையையும் குடுத்துரட்டா?" என்று ஒரு பெண் கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முகூர்த்தமும் அம்மா அந்த வீக்கத்தோடுதான் வந்து இறங்கினாள். தீட்டத் தெரியாத ஒவ்வொரு நாளும் அவள் நரம்பின்மேல் போய் உட்காருகிறது என்று எனக்கு இருந்தது.

பிசிறு என்ற ஒன்று புரிந்த அன்றுதான் கை வந்தது. ஒரு பக்கம் சரியாகத் தீட்டினால், விளிம்பு தாண்டி மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மடிப்பு எழும்பும். விரலை விளிம்புக்குக் குறுக்காக, வெளிப்பக்கமாக இழுத்தால் மட்டும் அது தட்டும். பிடியிலிருந்து நுனிவரை அது தட்ட வேண்டும். தட்டிய பிறகு கத்தியைத் திருப்ப வேண்டும். அடுத்த பக்கம், பிறகு நைஸ் கல், பிறகு அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்தல், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் உருவுதல். மெல்ல மெல்லப் பிசிறு உதிரும். அதற்கடியில் கூர் இருக்கும். முதல் தடவை அது அமைந்தபோது செய்தித்தாளை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக் கத்தியை வைத்தேன். சத்தமே இல்லாமல் தாள் இரண்டானது.

அம்மாவின் கத்தியை அப்படித் தீட்டினேன். ஒரு காலை முழுவதும் எடுத்துக்கொண்டேன். அம்மா ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்து அறுத்துப் பார்த்தாள். நின்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"போறதே தெரியலடா," என்றாள். "கையி சும்மா கீது, அது பாட்டுக்கு போவுது." அவள் முகம் அப்படி மலர்ந்து நான் ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை. "ஏன்டா, இத மொதல்லயே கத்துக்கினு இருக்கக்கூடாதா நீ?"

கிளியனூர் ரோட்டில் இருக்கும் ஒரு மண்டபத்தில் மறுநாள் வேலை. மதியம் பக்கத்துத் தெரு அக்காவின் போன் வந்தது.

"ஜல்தியா கெளம்பி வா. உங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாத. நீ வா."

ஒன்றும் இல்லை என்று சொல்லி ஒருவரை வரச் சொல்வார்களா? பஸ் கிடைக்காமல் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போனேன். மண்டபத்தின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற குழாயடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கையைச் சுற்றி யாருடைய முந்தானையோ கிழித்துக் கட்டியிருந்தது. கட்டுக்கு மேலே ரத்தம் ஊறியிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு குண்டான் பீன்ஸ் குப்பையில் கொட்டிக் கிடந்தது. பச்சை நடுவில் சிவப்பு தெரிந்தது.

நடந்ததை அக்காதான் சொன்னாள். வழக்கம்போலப் பேசிக்கொண்டே நறுக்கியிருக்கிறார்கள். அம்மாதான் அன்று எல்லோரையும்விட வேகம். என் மகன் தீட்டின கத்தி என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் தற்செயலாகக் குண்டானைப் பார்த்த அக்கா, "இன்னாக்கா, பீன்ஸுல கேரட்டு போட்டு நறுக்குறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அப்போதுதான் அம்மாவே பார்த்திருக்கிறாள். கத்தி ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலில் வந்து நின்றிருக்கிறது. நிற்பதாகத்தான் அவள் நினைத்திருக்கிறாள்.

"வலியே இல்ல நைனா," என்றாள் என்னைப் பார்த்ததும். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம். "நெசமா வலியே இல்ல."

அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. மொக்கைக் கத்தி கட்டைவிரலில் முட்டினால் வெட்டாது. அந்த மொக்கைதான் இத்தனை வருடமாக அவளைக் காப்பாற்றியிருக்கிறது. கூரான கத்தியையும் அந்தக் கைப்பழக்கம் சமாளித்திருக்கும், விரலுக்கு உணர்வு இருந்திருந்தால். கத்தி பட்டதுமே கை நின்றிருக்கும். மொக்கையும் போய் உணர்வும் போன கையில் நான் கூரைக் கொடுத்திருக்கிறேன். அம்மா எப்படி நறுக்குவாள் என்று பிறந்ததிலிருந்து பார்த்தவன் நான். எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

மாஸ்டர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை.

"தம்பி, அவங்க மேல எனக்கு கோவம் இல்ல. ஆனா கல்யாணச் சாப்பாடு இது. பொண்ணு வூட்டுக்காரங்க அந்தக் குண்டான பாத்திருந்தா இன்னா ஆயிருக்கும்? ஊரே பேசும். நான் அப்புறம் கடைய கட்ட வேண்டியதுதான்."

"தெரியாம ஆயிடுச்சு மாஸ்டர். அடுத்த வாட்டி..."

"கைய ஆத்திக்கினு வரச் சொல்லு. விழுப்புரத்துல பெரிய வேல ஒண்ணு ஒத்துக்கினு இருக்கேன். அதுல பாப்போம். அதுலயும் இப்பிடின்னா என்னால ஆவாதுப்பா. எனக்கும் பந்தி போட்டாகணும்."

காயம் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். கத்தி மொக்கையாக இருந்தால் மணிக்கட்டு போகும். கூராக இருந்தால் கட்டைவிரல் போகும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு கூர் இருக்க வேண்டும் என்று தேடினேன். நைஸ் கல்லை விட்டுவிட்டுச் சொரசொரப்புக் கல்லோடு நிறுத்திப் பார்த்தேன். தீட்டிய கத்தியை மறுபடி அரிசிமூட்டைச் சாக்கில் தேய்த்துக் கொஞ்சம் மழுக்கிப் பார்த்தேன். என் கட்டைவிரலிலேயே முட்டவைத்துச் சோதித்தேன். எனக்கு உணர்வு இருக்கிறதே, என் விரல் எப்படி அவளுக்கு அளவாகும்?

பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டைவிரலுக்கு உறை போலத் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டால் கத்திப்பிடி வழுக்கியது. பீன்ஸ் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தது.

"கட்டவெரலுக்குத் தெரிஞ்சாதான்டா அளவு தெரியும்," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். உறை இல்லாவிட்டாலும் அதற்குத் தெரியாதே என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பலகை வாங்கி வந்தேன். காயைப் பலகைமேல் வைத்து, விரல்களை மடக்கிக்கொண்டு, மேலிருந்து கீழே வெட்டச் சொன்னேன். இதில் கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, டொக் டொக் என்று வெட்டினாள்.

"இது கறிக்கடக்காரன் வேலடா," என்றாள். "எலும்பு குடு, வெட்டித் தர்றேன்."

சிரித்தோம். ஆனால் அவள் முயற்சி செய்யாமல் இல்லை. தினமும் காலையில் கத்திரிக்காயும் வாழைக்காயும் வாங்கி வந்து பழகினாள். முதுகு வலித்தது. வேகம் வரவில்லை. நறுக்கின காய் தீர வேண்டுமே என்று மூன்று வேளையும் காய்தான் தின்றோம். ஆத்திரம் வந்தபோதெல்லாம் காயைக் கையில் எடுத்துவிடுவாள். எடுத்ததும் கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பக்கம் நிற்கும். "மா, கட்டவெரலு!" என்று நான் கத்துவேன். சின்னப் பிள்ளை போல வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வாள். ஒரு நாள் கத்தியைத் தரையில் போட்டுவிட்டு, "எத்தினி வருசமாடா போய் நின்ன வெரலு, இன்னிக்கு போவாதன்னா கேக்குமா?" என்று அழுதாள்.

விழுப்புரம் வேலைக்கு அந்த நடுவாந்தரக் கூரோடும் பலகையோடும்தான் போனாள். நானும் கூடப் போனேன், பாத்திரம் தூக்க ஆள் வேண்டும் என்று மாஸ்டரிடம் சொல்லி. பெரிய மண்டபம். மூட்டை மூட்டையாகக் காய். பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் காய் சரசரவென்று உதிர்ந்தது. அம்மாவின் பலகையிலிருந்து மட்டும் டொக், டொக். அக்காக்கள் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் குண்டானிலிருந்து அள்ளி அவள் குண்டானில் போட்டார்கள். மாஸ்டர் அதையும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் போன் பேசினார். பிறகு ஆட்டோவில் ஒரு பெண் வந்து இறங்கினாள். விழுப்புரத்துப் பெண்; இளவயது; கத்தியோடுதான் வந்தாள். அம்மா தானாகவே எழுந்து தன் இடத்தைக் காட்டினாள். எழுந்ததும் பலகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"தை மாசம் பாப்போம்க்கா," என்றார் மாஸ்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

பஸ்ஸில் வரும்போது முண்டியம்பாக்கம் நெருங்கியது. "இனிமே இன்னா," என்றாள் அம்மா. "எறங்கு. நாள் குறிச்சிக் குடுக்கச் சொல்லிட்டு வந்துருவோம்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரவில் கையை உதறுவது நின்றது. வீக்கம் வடிந்தது. ஆனால் உணர்வு எப்போது வரும், எவ்வளவு வரும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் டாக்டர். ரொம்ப நாள் நசுங்கின நரம்பு. வீட்டில் எப்படிச் சோதிப்பது என்று நர்ஸ் எனக்குக் காட்டிக்கொடுத்தார்: கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சைத் திரித்து அதன் நுனியால் ஒவ்வொரு விரலாகத் தொட வேண்டும். தெரிந்தால் சொல்ல வேண்டும்.

காலையில் காப்பி குடித்ததும் அதுதான் எங்கள் வேலை. சுண்டுவிரலுக்கு எப்போதும் தெரிந்தது. மோதிரவிரலுக்குக் கொஞ்சம். நடுவிரலுக்கு ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. கட்டைவிரலில் நான் பஞ்சால் கோடு கோடாக இழுத்தாலும் அம்மா மூடிய கண்ணோடு காத்துக்கொண்டே இருப்பாள். "தொட்டியா?" என்பாள். "இன்னும் இல்லமா," என்று நான் பொய் சொல்லுவேன்.

வீட்டில் டியூஷன் வருமானம் மட்டும்தான். மார்கழி போனது. பொங்கல் கழிந்ததும் மாஸ்டர் போன் செய்தார். அம்மா இடத்தில் வந்த பெண் ஒசூரில் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டாளாம்.

"உங்கம்மாவுக்கு கையி எப்பிடிப்பா இருக்குது? பழைய மாதிரி நறுக்குவாங்களா? சும்மா சொல்லாத. அவங்க வர்றாங்கன்னா வேற ஆள தேட மாட்டேன்."

ஸ்பீக்கர் இல்லாமலே அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அடுப்படியிலிருந்து வேகமாக வந்து, தலையை ஆட்டி, வாயசைத்தாள்: நல்லா கீதுன்னு சொல்லு.

"கொஞ்ச நேரத்துல கூப்புடுறேன் மாஸ்டர்," என்று வைத்தேன்.

"இன்னாடா கொஞ்ச நேரம்? வர்றேன்னு சொல்றதுக்கு இன்னா நேரம்? எனக்கு உணர்ச்சி வந்துடுச்சிடா. நேத்திலேருந்தே வந்துடுச்சி. நீ கத்திய தீட்டு."

"கண்ண மூடு மா."

அவள் உட்கார்ந்து கையை நீட்டிக் கண்ணை இறுக மூடினாள். நான் பஞ்சைத் திரித்தேன். கட்டைவிரலுக்கு அருகே கொண்டுபோனேன். அந்தச் சதையில் அன்று மண்டபத்தில் விழுந்த வெட்டுகள் வெள்ளைக் கோடுகளாக ஆறியிருந்தன. பஞ்சு காற்றிலேயே நின்றது.

"தெரியுதுடா," என்றாள் அம்மா. "நல்லாத் தெரியுது. கட்டவெரல்லதான தொடற?"

நான் இன்னும் தொடவில்லை.

பிறகு தொட்டேன், அழுத்தியே தொட்டேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கண்ணை மூடியபடி, பாஸான பிள்ளை போலச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து வாசலுக்குப் போய் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

"அம்மா வர மாட்டாங்க மாஸ்டர்."

"இந்த வாட்டிக்கா, இனிமேட்டுக்கா?"

"இனிமேட்டுக்கே."

அவருக்குப் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. நான் சொல்லிவிட்டேன்: "வேற ஆள தேடாதீங்க. நான் வர்றேன்."

"நீயா? பொம்பளைங்களோட உக்காந்து?" அவர் சிரித்தார். கிண்டலாக இல்லை. "டிகிரி படிச்ச புள்ளடா நீ. நறுக்கத் தெரியுமா உனக்கு?"

"பலகையில வச்சி நறுக்குவேன். வேகம் இப்போதைக்கி இல்ல. எல்லாருடைய கத்தியும் தீட்டிக் குடுப்பேன்."

"தீட்டுறது சரி. அவங்கவங்க கைக்கு தீட்டுவியா?"

"கேட்டு தீட்டுவேன் மாஸ்டர்."

"இன்னிக்கே வேன் வருது, வா. பாப்போம்," என்று வைத்துவிட்டார்.

திரும்பினால் கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"மாஸ்டர் இன்னா சொன்னாரு?"

"வரச் சொன்னாரு."

"யார?"

"என்னத்தான்."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். இதற்காகவா உன்னைப் படிக்கவைத்தேன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். தேர்வு எழுதுவதை விடவில்லை, இது கொஞ்ச காலத்துக்குத்தான் என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. சுவரோரமாகப் போய் உட்கார்ந்து, இடது கையால் வலது கட்டைவிரலைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தாள். அமுக்கினால் உயிர் வந்துவிடும் என்பது போல. நான் கல்லைத் தண்ணீரில் போட்டேன். குமிழி வந்து அடங்கியது. கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தேன். இந்தத் தடவை என் கைக்கு.

வேன் வரும் நேரமானது. கிளம்ப எழுந்தேன்.

"அந்தச் சட்டைய போட்டுக்கினு போவாத," என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. "வாழக்காக் கற போவாது."